பேர் வெட்டிய தூக்கு

வந்திருக்க வேண்டாம். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதே முழங்கால் சொன்னது, இன்றைக்கு வேண்டாம் என்று. கேட்காமல் குரோம்பேட்டையில் பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்து, இப்போது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் நடுவில், பழைய ஃபேன் இறக்கைகளுக்கும் யார் யாரோ உட்கார்ந்து குழிந்துபோன ஒரு சோபாவுக்கும் இடையில் அம்சவேணி நின்றுகொண்டிருந்தாள். கையில் மடித்த பை. எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நல்லவேளை, இங்கே யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். பெங்களூரில் இருக்கும் மகன்தான் கேட்பான். போன ஞாயிற்றுக்கிழமைகூடப் போனில் கேட்டான், "ஒரு ஆளுக்குச் சமைக்கிற வீட்டுல ஊருக்கே பாத்திரம் எதுக்கும்மா?" என்று. பொழுது போகணுமேப்பா என்றாள். அது பொய். பொழுது அதுவாகவே போய்விடுகிறது, அதைப் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை. டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவளுக்கு, காதில் யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் பாத்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்பான். சம்பந்தம் இருக்கிறது, சொல்லத்தான் வரவில்லை. அவள் வாங்குவது பேர் வெட்டிய எவர்சில்வர் மட்டும்தான். டம்ளர், கிண்ணம், சொம்பு, எதுவானாலும் சரி, அதில் ஒரு ஆளின் பேர் இருக்க வேண்டும். புள்ளி புள்ளியாக உளியால் தட்டிய பழைய எழுத்து என்றால் இன்னும் விசேஷம். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் போதும், மெஷினில் கிறுக்கியதா கையால் தட்டியதா என்று தெரிந்துவிடும். எழுத்துப் பிழை இருந்தால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். 'சிவாகமி' என்று ஒரு சிவகாமி வைத்திருக்கிறாள். 'அன்பளிபு' வைத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் பிரியமானது ஒரு காபி டம்ளர், 'வடிவாம்பாளுக்கு மட்டும்' என்று வெட்டியது. எத்தனை பேர் இருந்த வீடோ, எத்தனை நாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாளோ, ஒரு நாள் அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போய், தம்பி, இப்படி வெட்டு என்று சொல்லியிருக்கிறாள் அந்த வடிவாம்பாள். அந்த டம்ளரில் அம்சவேணி காபி குடிப்பதில்லை. அது மரியாதை இல்லை.

"வாக்கா, இன்னா மூஞ்சி வாடி கீது," என்றாள் கன்னியம்மா. தார்ப்பாய் விரித்துப் பாத்திரம் போடுகிறவள். கிழிந்த குடையைக் கயிற்றால் கம்பத்தில் கட்டி அதன் கீழே உட்கார்ந்து, வருகிற போகிறவர்களை விட்டுவிட்டு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அம்சவேணியின் பேர் தெரியாது. பேருக்கார அக்கா என்று மற்ற கடைக்காரர்களிடம் சொல்லுவாள். "ஒரு வூட்டு சாமான் மொத்தமா வந்துகீது. உன் சரக்கு இருந்தாலும் இருக்கும், பாத்துக்கோ." குத்துக்கால் போட முடியாது. கன்னியம்மா தள்ளிய கவிழ்த்த பிளாஸ்டிக் கூடையின் மேல் பக்கவாட்டில் உட்கார்ந்து அம்சவேணி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். இது ஒன்றுதான் இன்னும் அலுக்காதது. எடுப்பது, திருப்புவது, விளிம்புக்குக் கீழே விரலால் தடவுவது. இட்லித் தட்டு, ஒன்றுமில்லை. வடிதட்டு, ஒன்றுமில்லை. அடிபிடித்துத் தேய்த்துத் தேய்த்து மெலிந்த பால் பாத்திரம், ஒன்றுமில்லை. நன்றாகப் புழங்கிய வீடு. சாம்பல் போட்டுத் தேய்க்கவில்லை, நார்தான், கீறல் எல்லாம் ஒரே பக்கமாக ஓடுகிறது, வலதுகைக்காரி. ஒரு குடும்பத்தின் வயிற்றைப் பற்றி அந்தக் குடும்பத்துக்கே தெரியாததெல்லாம் இப்படிக் குவியலைக் கிளறுகிறவளுக்குத் தெரிந்துவிடுகிறது. பெரிய அண்டா இல்லை, அப்படியானால் விருந்தாளி குறைவு. மீன் சட்டி மூடி இருக்கிறது, சட்டி இல்லை, உடைந்திருக்கும். அடுத்தது ஒரு தூக்கு. மூடி இறுக்கமாக இருந்தது. அதைத் திருகாமல் வயிற்றுப் பக்கம் விரலை வைத்தாள், புள்ளிகள் தட்டுப்பட்டன, உளி எழுத்து, மனசு ஒரு துள்ளு துள்ளியது. அந்தத் துள்ளலை அப்புறம் நினைக்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசியது. கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு படித்தாள். 'ரெஜினா – லூர்துசாமி திருமணப் பரிசு. அன்புடன் சு. அம்சவேனி'.

னி. மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. பேர் வெட்டிய பையனோடு அன்றைக்கே கடையில் சண்டை போட்டாளே. தாம்பரம் மார்க்கெட்டில், அந்தப் பாத்திரக் கடையின் வாசல்படியில் உட்கார்ந்து ஒருத்தன் தட்டிக்கொண்டிருந்தான், சீட்டில் சரியாகத்தான் எழுதிக் கொடுத்தாள். முதல் சம்பளங்கள் வர ஆரம்பித்த காலம், பெரிய பாத்திரம் வாங்கக் கையில் இல்லை, தூக்கு என்றால் தினம் புழங்கும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தது. என் பேரே தப்பாயிருக்கே என்றதற்கு அவன், உச்சரிப்பு ஒண்ணுதானேக்கா என்றான். ரெஜினா அதை எத்தனை வருஷம் சொல்லிச் சிரித்தாள். எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஹெட்போனை ஒரு காதில் தள்ளிவிட்டு, 'இரண்டு சுழி, டீ வந்தாச்சு' என்பாள். அந்தத் தூக்கு சும்மா இருந்ததில்லை. கிறிஸ்துமசுக்குக் கல்கலும் அச்சுமுறுக்கும் போட்டு இவள் வீட்டுக்கு வரும், காலியாகத் திருப்பக்கூடாது என்று பொங்கல்வரை வைத்திருந்து சர்க்கரைப் பொங்கலோடு சேலையூருக்குத் திரும்பும், ஈஸ்டருக்கு மறுபடி வரும். இவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் அதற்குப் பேர் வைத்திருந்தார், டிரங்க் கால் என்று. இப்போது அது கன்னியம்மாவின் தார்ப்பாயில், மீன் சட்டி மூடிக்குப் பக்கத்தில். வெயில் தலைக்கு மேல் நிற்கிறது. யாரோ எங்கேயோ ஒரு பழைய ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்கிறார்கள், ஹலோ ஹலோ ஹலோ. அம்சவேணி அந்தத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள். பாத்திரம் இங்கே வந்து சேர மூன்று வழிதான் உண்டு என்று அவளே பலருக்குச் சொல்லியிருக்கிறாள். வீடு மாறுகிறவர்கள் போடுவார்கள், கஷ்டப்படுகிறவர்கள் போடுவார்கள். மூன்றாவது வழிதான் அதிகம். மூன்றாவதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு வல்லுநரின் சாவதானம் இருந்திருக்கும் இத்தனை நாளும், கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"கன்னியம்மா, இது எந்த வீடு?" கன்னியம்மா வாழைப்பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சேலையூர் பக்கம்க்கா. ஃப்ளாட் கட்டப் போறாங்கோ, இடிக்கறாங்கோ. நம்ம மருமவன்தான் ஏத்தினு வந்தான்." "அங்க யாரு இருந்தாங்க?" "யாரு கண்டா. வயசானது ஒண்ணு பூடுச்சுன்னு சொன்னான்." கிள்ளிய ஒரு நரம்பை விரலிலிருந்து உதறினாள். "அது இந்த வூடா, இல்ல மேடவாக்கத்து வூடா, ரெண்டு லோடு எட்தாந்தான். ஏன்க்கா, தெரிஞ்சவங்களா?" தெரிந்தவர்களா. இல்லை என்றும் சொல்லலாம். ஏகாம்பரம் செத்த அன்று ரெஜினா வரவில்லை. சொல்லி அனுப்பியிருந்தது, சொன்னவர் அவளிடமே நேரில் சொன்னதாகச் சொன்னார். வாசலில் ஷாமியானா, நாற்காலிகள், ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் உள்ளே உட்கார்ந்திருந்த அம்சவேணி கழுத்தை நீட்டாமல் நீட்டினாள். யார் யாரோ வந்தார்கள், சண்டையில் இருந்த நாத்தனார் வந்தாள், ஆபீசில் முகம் கொடுத்துப் பேசாத சூப்பர்வைசர்கூட வந்தார். பாடையைத் தூக்கும்போதும் வரவில்லை. பதினாறாம் நாளும் வரவில்லை. புருஷனுக்காக அழுதது பாதி, இதற்காக அழுதது பாதி, எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்க யாரால் முடியும். அப்புறம் இவளும் கூப்பிடவில்லை. அவள்தானே கூப்பிட வேண்டும் என்று ஒரு வருஷம். இனிமேல் கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன் என்று ஒரு வருஷம். அதற்கப்புறம் வருஷங்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை, அவையாகவே போயின. அந்த நாட்களில்தான் குக்கர் வெயிட் தேடி முதன்முதலாக இந்தச் சந்தைக்கு வந்தாள். யாரோ ஒரு காசியம்மாளின் பேர் வெட்டிய சொம்பைக் கையில் எடுத்தாள், கீழே வைக்க மனசு வரவில்லை.

அப்படியானால் அந்தக் காசியம்மாளுக்கும் ஒருத்தி இருந்திருப்பாளோ, சொம்பைப் பார்த்து நெஞ்சு அடைக்க. அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறாளே, தூசி தட்டி, பேர் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி. அத்தனையும் யாரோ ஒருவர் வீட்டில் காலியான இடம். அது தெரியாதா, தெரியும். தெரிந்ததால்தான் வாங்கினாள், பாவம் இது பேரோடு உருகிப் போகக்கூடாதே என்று. இல்லை, அது மட்டும் இல்லை. ருசியும் இருந்தது. மற்றவர்கள் கதையில் இருக்கிற ருசி. இப்போது அவள் பேரையே ஒருத்தி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படிக்கிறாள், னி தப்பு என்று மனசுக்குள் ஒரு மார்க் போடுகிறாள். நாளைக்கு அவள் போன பிறகு மகன் வந்து சாவி திறப்பான், கன்னியம்மாவின் மருமகன் மாதிரி ஒருத்தன் வண்டியோடு வருவான், சிவாகமி, வடிவாம்பாள், காசியம்மாள் எல்லாரும் ஒரே மூட்டையில் மறுபடி இந்தத் தார்ப்பாய்க்கு வருவார்கள். வாங்குகிறவர்கள் திகைப்பார்கள், என்ன வீடுடா இது, ஒரு பாத்திரம்கூட வீட்டு ஆள் பேரில் இல்லையே, திருட்டு வீடா என்று. அம்சவேணிக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது. ரெஜினா செத்திருந்தால். சேலையூரில் செத்தால் குரோம்பேட்டைக்குச் செய்தி வராதா. எப்படி வரும், யார் சொல்லுவார்கள், எக்ஸ்சேஞ்சே இல்லை, சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் இல்லை. லூர்துசாமி சொல்லியிருக்க மாட்டாரா. அவர் இருக்கிறாரோ இல்லையோ. அவர்கள் மகள் லில்லி, ஓசூரில் கட்டிக் கொடுத்தது, அவளுக்கு இவளை ஞாபகம் இருக்குமா. மண் போட்டிருப்பார்கள். இவள் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தாள், ஒரு டம்ளரைப் பளபளக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாளோ. இல்லை, மேடவாக்கமாகத்தான் இருக்கும். மேடவாக்கத்தில் யாரோ ஒருத்தர் செத்திருக்கட்டும் என்று நினைத்தோமே, அதுவும் ஒரு மனுஷிதானே என்று உடனே தோன்றியது. தோன்றினாலும் நினைப்பை மாற்றிக்கொள்ள முடியவில்லை. மேடவாக்கமாக இருக்கட்டும்.

"அந்த வீட்டு நம்பர் உன் மருமகன்கிட்ட இருக்குமா?" கன்னியம்மா இப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து போனை எடுத்து அழுத்தி, கத்திப் பேசி, அவன் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். எழுதிக்கவாக்கா, பேனா வேணுமா என்றாள். வேண்டாம். நம்பர் காதில் விழுந்தால் போதும், அது அவள் உடம்பிலேயே ஊறிய வேலை, பேர் மறக்கும், நம்பர் மறக்காது. ரெஜினாவின் பழைய நம்பரும் மறக்கவில்லை, ஆனால் இடிக்கிற வீட்டில் அந்த லைன் இருக்காது. அவன் சொன்னதைப் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, அடித்து நின்றது. ஆள் இல்லாத வீட்டில் மணி அடித்தால் எப்படிக் கேட்கும் என்று அந்தக் காலத்தில் அவளும் ரெஜினாவும் சொல்லிக்கொள்வார்கள், வித்தியாசம் தெரியும் என்று ரெஜினா சாதிப்பாள். இவளுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. இன்னொரு தரம் போட விரல் போனது, போடவில்லை. எடுத்தால் என்ன சொல்வது. லில்லி எடுத்தால், யார் நீங்க என்றால். எடுக்காமல் இருந்ததே நல்லது. வீட்டுக்குப் போய்விடலாம், இந்தத் தூக்கை வாங்கிக்கொண்டோ வாங்காமலோ. வாங்கினால் எங்கே வைப்பது, வடிவாம்பாளுக்குப் பக்கத்திலா. வாங்காமல் விட்டால், தன் பேரை வெயிலில் தார்ப்பாயில் விட்டுவிட்டுப் போக வேண்டும். முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. தூக்கை மடியிலிருந்து எடுத்துத் தார்ப்பாயின் விளிம்பில் வைத்தாள், மறுபடி எடுத்தாள், மறுபடி வைத்தாள். போன் அடித்தது.

"ஹலோ, யாரு? இந்த நம்பர்லேர்ந்து கால் வந்துதே." மூச்சு வாங்கிய குரல், கொஞ்சம் கரகரத்த குரல், ஆனால் 'ஹலோ'வில் அந்த லோவை மட்டும் மேலே தூக்கி இறக்குவது இந்த ஊரில் ஒருத்திதான். அம்சவேணி எழுந்தாள். முழங்கால் சுளீர் என்றது, அதோடு சந்தின் ஓரமாகப் பழைய பீரோக்கள் நிறுத்தியிருந்த இடத்து நிழலுக்கு நடந்தாள். "ரெஜி." லைன் இருக்கிறது, மூச்சு கேட்கிறது. "ரெஜி, நான் அம்சு." "தெரியுது," என்றாள் ரெஜினா. மறுபடி மூச்சு. "மாடியில துணி எடுத்துட்டிருந்தேன், ஓடி வந்தேன். நம்பர் எப்படிடி கிடைச்சுது?" செத்துட்டியோன்னு நினைச்சேன் என்று வாய்வரை வந்ததை விழுங்கி, "பல்லாவரம் சந்தையில நிக்கறேன். உன் வீட்டு சாமான் எல்லாம் இங்க கிடக்கு," என்றாள். எத்தனையோ வருஷம் ஒத்திகை பார்த்து வைத்த எந்த வாக்கியமும் இது இல்லை. "ஆமா, போட்டுட்டேன்," என்றாள் ரெஜினா, கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி. "வீட்டை பில்டருக்கு குடுத்தாச்சு. நான் சிஸ்டர்ஸ் நடத்தற ஹோமுக்குப் போறேன், தாம்பரத்துக்கு அந்தாண்ட. ஒரு கட்டில், ஒரு அலமாரி. பாத்திரம் எதுக்கு, மணியடிச்சா சாப்பாடு." "லூர்து அண்ணன்?" "போயிட்டார். போன வருஷம், தவக்காலத்துல." அம்சவேணி பீரோவின் மேல் கையை ஊன்றினாள், வெயிலேறிய தகடு சுட்டது, எடுக்கவில்லை. "எனக்குச் சொல்லலையே ரெஜி." "எந்த மூஞ்சிய வச்சிட்டு சொல்லுவேன். உன் வீட்டுக்காரர் போனப்ப நான் வரலையே."

அதுதான். அந்தக் கேள்வி இத்தனை வருஷமாக உள்ளே நின்றுகொண்டிருந்தது, கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அதுவே வந்து நின்றது. ஏன் வரவில்லை என்பதற்கு என்னென்ன கற்பனை செய்து வைத்திருந்தாள். ஏகாம்பரம் ஒரு தரம் லூர்துசாமியின் குடியைப் பற்றிச் சொன்ன வார்த்தை. லில்லி கல்யாணத்தில் இவளைப் பின் வரிசையில் உட்கார வைத்தது. தனக்கே தெரியாமல் தான் செய்த ஏதோ ஒன்று. ரெஜினா சொன்னாள், "காரணம் இருந்தாத்தானேடி சொல்றதுக்கு. அன்னைக்கு லில்லி இங்க வந்திருந்தா, அவளுக்கு உடம்பு சரியில்ல, நாளைக்குப் போலாம்னு இருந்துட்டேன். நாளைக்கு ஆச்சா, எல்லாம் முடிஞ்ச வீட்டுக்கு எப்படிப் போய் நிக்கறது, காரியத்துக்குப் போலாம்னு நினைச்சேன். காரியத்தன்னிக்கு, இத்தனை நாள் வராம இன்னைக்கு சாப்பிட வந்தாளான்னு நினைப்பியோன்னு. அப்புறம் ஆயிடுச்சு. நாளாக நாளாக பயமாயிடுச்சு அம்சு. உன் பேர நினைச்சாலே பயமாயிடுச்சு." அவ்வளவுதானா. அவ்வளவுதான். கோபம் வரும் என்று அம்சவேணி காத்துப் பார்த்தாள், வரவில்லை, அதற்கும் வயசாகியிருந்தது. தெருவில் ஒரு மீன்பாடி வண்டி மணியடித்துப் போனது. "நானும் கூப்பிட்டிருக்கலாம்," என்றாள். "கூப்பிட்டிருக்கலாம்தான்," என்றாள் ரெஜினா உடனே, பழைய ரெஜினா. இரண்டு பேருக்கும் லேசாக மூச்சில் ஒரு சிரிப்பு. "என் தூக்கையும் போட்டுட்டியே." "எந்தத் தூக்கு?" "இரண்டு சுழி." "கவனிக்கலடி," என்றாள் ரெஜினா. "மொத்தமா சாக்குல கொட்டினேன். ஒண்ணொண்ணா பாத்தா போட முடியாதுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் கொட்டினேன்." பிறகு, "இன்னைக்கு வரியா? திங்கக்கிழமை நான் போயிடுவேன். கேம்ப் ரோடு ஸ்டாப்புல இறங்கு, சர்ச்சைத் தாண்டி வா, வீடு ஞாபகம் இருக்குமே. முன்பக்க கேட்டைக் கழட்டிட்டாங்க, சும்மா உள்ள வந்துடலாம். பால் மட்டும் வாங்கிட்டு வா. கேஸ் இன்னும் இருக்கு, காபித்தூள் இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "ஐயோ, காய்ச்சப் பாத்திரம் இல்ல."

திரும்பி வரும்போது தார்ப்பாயின் விளிம்பில் தூக்கு இல்லை. "எக்கா, நீ பேசினே இருந்தியா, உனக்கு வேணாம்னு நினைச்சேன். ஒரு பொண்ணு கேட்டுது, மூடி நல்லா இறுக்கமா கீதே, புள்ளைக்கு சாதம் குடுத்து அனுப்பலாம்னு. குடுத்துட்டேன். அதோ போவுது பாரு, பச்சை சேலை. ஓடிப் போய் வாங்கியாரவா?" என்று கன்னியம்மா பாதி எழுந்தாள். அம்சவேணி பார்த்தாள். பச்சைச் சேலைக்காரி சைக்கிள் டயர்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தாள், தூக்கின் பிடி அவள் விரலில் மாட்டி ஆடியது, வெயிலில் ஒரு தரம் மின்னியது. வேண்டும் என்று நெஞ்சின் ஒரு மூலை பதறியது, அது பதறுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் வீட்டுக்குப் போய்ப் புளி போட்டு விளக்குவாள், பேரைப் படிப்பாளோ மாட்டாளோ, நாளைக்குக் காலையில் சூடாகச் சாதம் அமுக்கி மூடுவாள். "வேண்டாம், உட்காரு," என்றாள். பிறகு குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, குவியலில் கிடந்த அந்த மெலிந்த பால் பாத்திரத்தை எடுத்தாள். இரண்டு டம்ளருக்குச் சரியாக இருக்கும். "அதுல பேரு இல்லக்கா," என்றாள் கன்னியம்மா. அம்சவேணி அதைத் தலைக்கு மேல் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தாள், அடியில் எங்காவது பொத்தலாக வெளிச்சம் வருகிறதா என்று நன்றாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வரவில்லை. "ஒழுகாது," என்றாள். "பால் பாக்கெட் இங்க எந்தக் கடையில கிடைக்கும்?"